சீருடை முதலில், பயிற்சி பிறகு

பிராந்திய ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்தவர், பெயர் பதிவான நாளிலேயே ராணுவத்தின் கணக்கில் வந்துவிடுகிறார். அவருக்கு எண் உண்டு, பட்டாலியன் உண்டு, அழைத்தால் போக வேண்டிய கடமையும் உண்டு. ஆனால் துப்பாக்கியைப் பிரித்துத் துடைத்து மறுபடி பூட்டவோ, வயர்லெஸ்ஸில் முறைப்படி செய்தி அனுப்பவோ, வரைபடத்தைப் பார்த்து இரவில் வழி கண்டுபிடிக்கவோ அவருக்கு இன்னும் தெரியாது. சேர்ந்த நாளுக்கும் தேர்ச்சி பெற்ற நாளுக்கும் நடுவே இப்படி ஓர் இடைக்காலம் இருக்கிறது. முழுநேர ராணுவத்தில் சேருகிறவர் இதைப் பயிற்சி மையத்துக்குள்ளேயே ஒரே மூச்சில் கடந்துவிடுகிறார். பகுதிநேரப் படைவீரருக்கோ அது வீட்டுக்கும் முகாமுக்கும், வயலுக்கும் பரேட் மைதானத்துக்கும் நடுவே பிரிந்து கிடக்கிறது.

பட்டாள வேலையை நாடும் இளைஞர்கள் தேனி மாவட்டத்திலும் இருக்கிறார்கள். முழுநேர வேலைக்கான வயது வரம்பைத் தாண்டியவர்களுக்கும், தோட்டத்தையோ கடையையோ அடியோடு விட்டுப் போக முடியாதவர்களுக்கும் திறந்திருக்கும் வழி பிராந்திய ராணுவம். அந்த வழியில் முதல் ஓராண்டு எப்படி இருக்கும் என்பது சேருவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

யார் ரிசர்வ், யார் அல்ல

இந்தியாவில் ரிசர்வ் என்று சொன்னால் முதலில் குறிப்பது ஓய்வுபெற்ற படைவீரர்களை. முழுநேரப் பணியை முடித்து வெளியே வரும் சிப்பாய்கள் சில காலம் ரிசர்வ் பட்டியலில் வைக்கப்படுவார்கள். போர் வந்தால் அவர்களைத் திரும்ப அழைக்கலாம். இதற்கான சட்டம் 1888-ஆம் ஆண்டிலேயே வந்தது. இவர்கள் எல்லாப் பயிற்சியையும் முடித்துவிட்டுத்தான் ரிசர்வுக்கு வருகிறார்கள் என்பதால், பயிற்சி முடியாத ரிசர்வ் வீரர் என்ற நிலையே இவர்களிடம் எழுவதில்லை.

பிராந்திய ராணுவம் இதற்கு நேர்மாறானது. சீருடையே அணிந்திராத குடிமகனை எடுத்து, அவருடைய தொழிலை விடச் சொல்லாமல், ஆண்டில் சில வாரம் பயிற்சி கொடுத்து, தேவைப்படும்போது அழைத்துக்கொள்ளும் படை இது. டெரிட்டோரியல் ஆர்மி என்ற பெயரைச் சுருக்கி ‘டி.ஏ.’ என்றே பட்டாளத்தார் சொல்வார்கள். இதில் சேருவதை முழுநேர வேலைவாய்ப்பாகக் கருதக் கூடாது என்பதை ராணுவம் தொடர்ந்து வலியுறுத்தி வருகிறது. அதிகாரிகளாக விண்ணப்பிப்பவர்களுக்குச் சொந்த வருமானமுள்ள தொழிலோ வேலையோ இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் அமைப்புகள் மூன்று. பள்ளி, கல்லூரிகளில் உள்ள என்.சி.சி. மாணவர்களுக்குப் போர்ப்பணிக் கடமை கிடையாது. அது பயிற்சி தரும் இளைஞர் அமைப்பு. ஊர்க்காவல் படை மாநிலக் காவல் துறையோடு இணைந்து இயங்குவது. திருவிழாக் கூட்டம், போக்குவரத்து, தேர்தல் ஆகியவை அதன் களம். 2022-இல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேரும் அக்னிவீரர் நான்காண்டு முழுநேரச் சிப்பாய். அவர் சுமார் ஏழு மாதம் தொடர்ந்து பயிற்சி பெற்ற பிறகே பிரிவுக்குப் போகிறார்.

வரலாற்றில் ஒரு தமிழ்த் தொடர்பு

பகுதிநேரப் படை என்ற ஏற்பாடு இங்கே பிரிட்டிஷ் காலத்தில் வந்தது. பிரிட்டனில் 1908-இல் டெரிட்டோரியல் ஃபோர்ஸ் அமைக்கப்பட்டது. அதைப் பின்பற்றி 1920-இல் இந்தியன் டெரிட்டோரியல் ஃபோர்ஸ் சட்டப்படி உருவானது. இந்தியர்கள் இதில் சேர்ந்தார்கள். ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் ஆக்ஸிலரி ஃபோர்ஸ் என்று தனிப்படை இருந்தது.

முதல் உலகப் போருக்குப் பின் மதராஸ் ரெஜிமென்ட்டின் முழுநேரப் பட்டாலியன்கள் படிப்படியாகக் கலைக்கப்பட்டன. தென்னிந்தியர் போர்க்குணம் அற்றவர்கள் என்ற பிரிட்டிஷ் கொள்கை இதற்குப் பின்னணி. ஆனால் பகுதிநேரப் பட்டாலியன்கள் தொடர்ந்து இயங்கின. இரண்டாம் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டு 1940-களின் தொடக்கத்தில் மதராஸ் ரெஜிமென்ட்டை மறுபடி எழுப்பியபோது, அந்தப் பகுதிநேரப் பட்டாலியன்களே அதற்கு அடித்தளமாக அமைந்தன. ஆண்டில் சில வாரம் மட்டுமே சீருடை போட்டவர்கள் ஒரு ரெஜிமென்ட்டின் மறுபிறப்புக்குக் காரணமானார்கள்.

விடுதலைக்குப் பின் 1948-இல் பிராந்திய ராணுவச் சட்டம் நிறைவேறியது. 1949 அக்டோபர் 9 அன்று இந்தப் படையை முறைப்படி தொடங்கிவைத்தவர் அன்றைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி. அந்த நாளே ஆண்டுதோறும் பிராந்திய ராணுவ தினமாகக் கொண்டாடப்படுகிறது. 1962, 1965, 1971 போர்களில் இந்தப் படை பங்கேற்றது. இலங்கைக்கு இந்திய அமைதிப் படை சென்ற காலத்திலும் இதன் பிரிவுகள் பணியாற்றின.

இன்று இதில் இரண்டு வகைப் பிரிவுகள் உள்ளன. ஓ.என்.ஜி.சி., இந்தியன் ஆயில், ரயில்வே போன்ற நிறுவனங்களின் ஊழியர்களைக் கொண்டு அமைந்தவை துறைசார் பிரிவுகள். பொதுமக்களிலிருந்து ஆள் எடுக்கும் காலாட்படைப் பட்டாலியன்களும் முன்னாள் ராணுவத்தினரைக் கொண்டு மரம் நடும் சுற்றுச்சூழல் பட்டாலியன்களும் மற்ற வகை. சுற்றுச்சூழல் பட்டாலியன்களில் முதலாவது 1982-இல் முசோரி மலைகளைப் பசுமையாக்கத் தொடங்கப்பட்டது.

தேனியிலிருந்து கோவைக்கு

ராணுவ ஆள்சேர்ப்பில் தேனி மாவட்டம் கோவை ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறது. மதுரை, திண்டுக்கல், நீலகிரி, சேலம் முதலிய மாவட்டங்களும் அதில் அடங்கும். அக்னிவீரர் தேர்வு அதன் வழியாக நடக்கிறது. பிராந்திய ராணுவத்துக்கு ஆள் எடுப்பது தனி ஏற்பாடு. காலியிடம் உள்ள பட்டாலியன்கள் சேர்ந்து அவ்வப்போது ஆள்சேர்ப்பு முகாம் நடத்தும். தமிழ்நாட்டில் கோவையில் 110-ஆவது காலாட்படைப் பட்டாலியன் (மதராஸ்), திருச்சியில் 117-ஆவது பட்டாலியன் (கார்ட்ஸ்) ஆகியவை உள்ளன. கேரளத்தில் 122-ஆவது பட்டாலியன் (மதராஸ்) இருக்கிறது. நடிகர் மோகன்லாலுக்கு 2009-இல் கௌரவ லெப்டினன்ட் கர்னல் பதவி கிடைத்தது இந்த 122-ஆவது பட்டாலியனில்தான்.

சிப்பாயாகச் சேர வயது 18 முதல் 42 வரை. அக்னிவீரருக்கு இருபதுகளின் தொடக்கத்திலேயே வாசல் அடைபட்டுவிடுவதால், இந்த வயது வரம்பு பலருக்கு இரண்டாவது வாய்ப்பு. பொதுப்பணி சிப்பாய்க்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். உயரம் 160 செ.மீ., எடை 50 கிலோ, மார்பளவு 77 செ.மீ. என்பவை வழக்கமான குறைந்தபட்ச அளவுகள். மார்பு 5 செ.மீ. விரிய வேண்டும். 1.6 கி.மீ. ஓட்டம், புல்-அப், 9 அடிப் பள்ளம் தாண்டுதல், வளைந்து செல்லும் குறுகிய கட்டை மேல் நடத்தல் ஆகியவை உடல்தகுதித் தேர்வு. அதன்பின் மருத்துவப் பரிசோதனையும் எழுத்துத் தேர்வும் உண்டு. இந்தப் படையில் சேர எந்தக் கட்டத்திலும் யாருக்கும் பணம் தர வேண்டியதில்லை. வேலை வாங்கித் தருவதாகப் பணம் கேட்கும் புரோக்கர் மோசடிக்காரர்.

அதிகாரியாகச் சேரப் பட்டப்படிப்பு, எழுத்துத் தேர்வு, நேர்காணல், சர்வீசஸ் செலக்‌ஷன் போர்டு, மருத்துவம் என்று நீண்ட வரிசை. பெண்களைச் சேர்க்க மறுப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று தில்லி உயர் நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்த பிறகு, பெண்களும் அதிகாரிகளாக விண்ணப்பிக்கும் வழி பிறந்தது.

முழுநேர அதிகாரிக்கும் பிராந்திய ராணுவ அதிகாரிக்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கே தெரியும். முழுநேர அதிகாரிக்கு டேராடூனிலோ சென்னை பரங்கிமலையிலோ பயிற்சி முடித்த பிறகே தோளில் நட்சத்திரம் ஏறும். பிராந்திய ராணுவ அதிகாரிக்கு லெப்டினன்ட் பதவி முதலில் வருகிறது. பயிற்சி அதன்பின் தொடங்குகிறது. முதல் ஆண்டில் ஒரு மாத அடிப்படைப் பயிற்சி, ஆண்டுதோறும் இரண்டு மாத முகாம், முதல் இரண்டாண்டுக்குள் மூன்று மாதப் பணியேற்புக்குப் பிந்தைய பயிற்சி என்பது விதி. அதுவரை அவர் பதவியில் அதிகாரி, அறிவில் மாணவர். இருபதாண்டு அனுபவமுள்ள சுபேதார் அவருக்கு சல்யூட் வைப்பார். அந்த சுபேதாரிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளும் பக்குவம் இருந்தால் அந்த மாதங்கள் வீணாகாது.

ரங்ரூட் காலம்

புதிதாகச் சேர்ந்த சிப்பாயை ராணுவ வழக்கில் ‘ரங்ரூட்’ என்பார்கள். ரெக்ரூட் என்பதன் மரூஉ. பிராந்திய ராணுவத்தில் ஆரம்பகட்ட ரங்ரூட் பயிற்சி ஏறத்தாழ ஒரு மாதம். இதையும் சேர்த்து ஆண்டுக்கு இரண்டு மாதப் பயிற்சி என்பது காலாட்படைப் பட்டாலியன்களின் பொதுவான கணக்கு. முழுநேரச் சிப்பாய் பல மாதங்களில் கற்பதை இவர் துண்டு துண்டாக, ஆண்டுகளின் ஊடே கற்கிறார்.

முதல் வாரங்கள் உடலைப் பழக்குவதில் போகும். விடிவதற்கு முன் எழுந்து பி.டி., பிறகு டிரில், வகுப்பு, ஆயுதப் பயிற்சி, மாலையில் விளையாட்டு, இரவில் ரோல்கால். கற்றுத்தருபவரை ‘உஸ்தாத்’ என்றுதான் அழைக்க வேண்டும். சாவ்தான், விஷ்ராம், பீச்சே முட் என்று கட்டளைகள் எல்லாம் இந்தியில் வரும். தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து போகும் ஒருவர் பக்கத்து மாநில எல்லை காரணமாக மலையாளம் அறிந்திருப்பார். இந்தி அநேகமாகத் தெரியாது. மதராஸ் பட்டாலியனில் தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம் பேசுபவர்கள் கலந்திருப்பதால் பேரக்கில் பேச்சுத் துணைக்குக் குறைவிருக்காது. ஆனாலும் கட்டளை, வகுப்பு, அறிக்கை மூன்றும் இந்தியில் இருப்பதால், சேருவதற்கு முன்பே எளிய இந்தி பழகிக்கொள்பவருக்குச் சுமை பாதி குறையும்.

பாடங்களில் முதன்மையானது ஆயுதம். ரைஃபிளின் பாகங்கள், பிரித்துப் பூட்டுதல், நிலைகள், குறிபார்த்தல் எல்லாம் குண்டில்லாமல் பலநாள் பழக்கிய பிறகே ஃபயரிங் ரேஞ்சுக்கு அழைத்துப் போவார்கள். பாதுகாப்பு விதிகளில் தேறாதவர் கையில் உயிர்க்குண்டு கொடுக்கப்படாது. இதற்குப் பின் வரைபடம் படித்தல், மறைந்து நகர்தல், காவல் நிற்கும் முறை, முதலுதவி, முகாம் சுகாதாரம், பதவி அடையாளங்கள், ராணுவ ஒழுங்கு ஆகியவை வரும்.

ஓட்டத்தில் பழகியவர்களுக்குத் தேர்வில் ஜெயிப்பது எளிது. முகாமில் தாக்குப்பிடிப்பது வேறு விஷயம். கான்வாஸ் ஷூவில் ஓடிப் பழகிய கால் கனமான பூட்டில் கொப்புளம் கட்டும். வெறும் உடம்போடு ஓடுவதும் முதுகில் பொதியும் கையில் ரைஃபிளுமாக ஓடுவதும் ஒன்றல்ல. சேர்ந்த பின் முகாமுக்கு அழைப்பு வரும் வரை உள்ள மாதங்களில் பலரும் உடற்பயிற்சியை விட்டுவிடுவதால், முதல் வாரத்திலேயே தசைப்பிடிப்பும் முழங்கால் வலியும் வந்துவிடுகின்றன. பகுதிநேரப் படைவீரர் வீட்டில் இருக்கும் நாட்களிலும் உடலைப் பேண வேண்டியவர். முகாமில் கிடைக்கும் சில வாரத்தில் உடலைத் தேற்றவும் பாடத்தைக் கற்கவும் இரண்டுக்கும் நேரம் போதாது.

தொழில் கற்பது எப்போது

அடிப்படைப் பயிற்சி முடிந்த சிப்பாய், ராணுவத்தில் தனக்கென்று ஒரு வேலையைக் கற்பதுதான் தொழில் பயிற்சி. பொறியியல் படையில் இது மிகத் தெளிவாகத் தெரியும். 1780-இல் தொடங்கிய, ‘தம்பிகள்’ என்று பெயர்பெற்ற மதராஸ் சாப்பர்களின் பெங்களூரு மையத்தில், ரங்ரூட்டுகள் முதலில் படைப்பயிற்சியும் பிறகு பாலம், கண்ணிவெடி போன்ற களப் பொறியியலும் அதன்பின் தச்சு, கொத்து, இயந்திரம் ஓட்டுதல் முதலிய தொழில்களும் கற்கிறார்கள்.

தேர்ச்சி பெற்ற தொழிலின் அருமை 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் நிலச்சரிவு ஏற்பட்டபோது தெரிந்தது. கோழிக்கோட்டிலிருந்து 122-ஆவது பிராந்திய ராணுவப் பட்டாலியன் வீரர்கள் விரைந்து மீட்புப் பணியில் இறங்கினார்கள். மதராஸ் சாப்பர்கள் சூரல்மலையில் 190 அடி நீள பெய்லி பாலத்தைக் கட்டி, ஆகஸ்ட் 1 அன்று வாகனங்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஆள்பலம் உடனே வந்து சேர்வது ஒரு தேவை. பாலம் பூட்டத் தெரிந்த கை இருப்பது இன்னொரு தேவை. முதல் தேவைக்குப் பகுதிநேரக் காலாட்படையே போதும். இரண்டாவதற்கு மாதக்கணக்கான தொழில் பயிற்சி வேண்டும்.

பிராந்திய ராணுவக் காலாட்படையில் தொழில் இரண்டு விதமாக வருகிறது. சமையல்காரர், முடிதிருத்துபவர், சலவையாளர், தையல்காரர், தச்சர் போன்ற ‘டிரேட்ஸ்மேன்’ இடங்களுக்குத் தேர்வு முகாமிலேயே தொழில் சோதனை நடக்கும். கத்தரிக்கோல் பிடிக்கத் தெரிந்தவரைத்தான் முடிதிருத்துபவராக எடுப்பார்கள். இங்கே வழக்கமான வரிசை தலைகீழாகிறது: தொழில் முன்பே கைவசம் இருக்கிறது, சிப்பாய்த்தனம்தான் புதிதாகக் கற்க வேண்டியது. டிரேட்ஸ்மேனும் மற்றவர்களைப் போலவே டிரில்லும் துப்பாக்கியும் கற்றாக வேண்டும். காவல் முறை வரும்போது சமையல்காரரும் நிற்பார்.

பொதுப்பணி சிப்பாய்க்கு நிலைமை வேறு. ரைஃபிள்காரராக அடிப்படை முடித்த பிறகு, பட்டாலியனின் தேவையைப் பொறுத்து அவரை சிக்னல், மோர்ட்டார், வாகனம், மருத்துவ உதவி போன்ற பணிகளுக்குப் பழக்குவார்கள். பட்டாலியனுக்குள்ளேயே நடத்தும் இத்தகைய வகுப்புக்கு ‘கேடர்’ என்று பெயர். கேடர் முடிக்கும் வரை அவர் பிரிவில் இருக்கும் நிலை சற்றுச் சங்கடமானது. சாமான் ஏற்றி இறக்குவது, வளாகம் துப்புரவு செய்வது, உணவு பரிமாற உதவுவது, காவலுக்குத் துணை நிற்பது என்று தனித்தேர்ச்சி வேண்டாத வேலைகள் அவர் பங்குக்கு வரும். ராணுவ வழக்கில் இதற்கு ‘ஃபடீக்’ என்று பெயர். இது தண்டனை அல்ல. தேர்ச்சி இல்லாத கையை ஆபத்தில்லாத வேலையில் வைத்திருக்கும் ஏற்பாடு. தேர்ந்தவர்கள் வேலை செய்யும்போது அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பும் அப்போதுதான் கிடைக்கிறது.

அமைதியற்ற பகுதிகளுக்குப் பட்டாலியன் அனுப்பப்படும்போது மேலும் ஒரு படி உண்டு. ஜம்மு காஷ்மீர் போன்ற இடங்களுக்குப் போகும் பிரிவுகள் அங்குள்ள போர்ப்பள்ளிகளில் அந்த நிலத்துக்கேற்ற முன்பயிற்சி பெற்ற பிறகே பணியில் இறங்கும். முழுநேரப் பட்டாலியனுக்கும் பகுதிநேரப் பட்டாலியனுக்கும் இதில் வேறுபாடில்லை. பயங்கரவாதிகளுக்கு எதிரில் யார் முழுநேரம், யார் பகுதிநேரம் என்ற கணக்குச் செல்லாது.

சட்டம் எங்கே தொடங்குகிறது

1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு செய்துகொண்ட எவரும் மூன்று விதத்தில் பணிக்கு அழைக்கப்படலாம். சிவில் நிர்வாகத்துக்கு உதவவும் முக்கிய இடங்களைக் காக்கவும் அழைப்பது ஒன்று. பயிற்சிக்காகவோ முழுநேரப் படைக்குத் துணையாகவோ பிரிவை ஒன்றுதிரட்டுவது இரண்டாவது. இதை ‘எம்பாடிமென்ட்’ என்பார்கள். முழுநேரப் படையோடு தனியாக இணைப்பது மூன்றாவது. மத்திய அரசின் உத்தரவு இல்லாமல் யாரையும் நாட்டு எல்லைக்கு வெளியே பணியாற்றக் கட்டாயப்படுத்த முடியாது.

புதிய சிப்பாய்க்கு முக்கியமான விஷயம், ராணுவச் சட்டம் அவரை எப்போது பிடிக்கிறது என்பது. வீட்டில் இருக்கும்போது அவர் மற்றவர்களைப் போன்ற குடிமகன். பொதுச் சட்டமே அவருக்கும். அழைப்பை ஏற்றுப் பணியில் அல்லது பயிற்சியில் சேர்ந்ததும், 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் கீழ் வந்துவிடுகிறார். பயிற்சி முடிக்கவில்லை என்பது அங்கே சலுகை ஆகாது. சொல்லாமல் முகாமை விட்டுப் போவதும் மேலதிகாரியின் கட்டளையை மீறுவதும் ரங்ரூட்டுக்கும் குற்றம்தான். தகுந்த காரணமின்றி அழைப்புக்கு வராமலிருப்பதும் அப்படியே.

பிராந்திய ராணுவச் சட்டம் வேலை பார்க்கும் இடத்திலும் பாதுகாப்பு தருகிறது. ஊழியர் ஒருவர் ராணுவப் பணிக்கு அழைக்கப்பட்டுத் திரும்பினால், பழைய நிலைக்குக் குறையாத நிபந்தனைகளில் அவரை மறுபடி வேலையில் வைத்துக்கொள்வது முதலாளியின் கடமை. மறுத்தால் அதற்கான அதிகாரியிடம் முறையிடலாம்; மறுபடி வேலை தரவோ ஆறு மாத ஊதியத்துக்கு மிகாத இழப்பீடு தரவோ அவர் உத்தரவிட முடியும். வருங்கால வைப்பு நிதி போன்ற உரிமைகளும் பணிக்காலத்தில் அறுபடாமல் காக்கப்படுகின்றன. ஆண்டிபட்டிப் பகுதி விசைத்தறியிலோ தேனி நூற்பாலையிலோ வேலை பார்ப்பவருக்கு இது பயன்படும். சொந்த வயலில் பாடுபடுபவருக்கு முதலாளி யாருமில்லை. அவர் வேலையைக் காத்துவைக்கச் சட்டத்தால் முடியாது.

சம்பளமும் வெள்ளாமையும்

பயிற்சியிலும் பணியிலும் இருக்கும் நாட்களுக்கு முழுநேரச் சிப்பாய்க்கு உரிய சம்பளமும் படிகளும் உண்டு. ஏழாவது ஊதியக் குழுப்படி சிப்பாயின் அடிப்படைச் சம்பளம் மாதம் 21,700 ரூபாயில் தொடங்குகிறது. ராணுவப் பணி ஊதியம் 5,200 ரூபாய் தனி. வீட்டுக்கு அனுப்பப்பட்ட நாட்களுக்குச் சம்பளம் இல்லை. சிப்பாய் ஓய்வூதியம் பெற, திரட்டப்பட்ட பணிக்காலம் மொத்தம் 15 ஆண்டு சேர வேண்டும். அதிகாரிக்கு 20 ஆண்டு. ஆண்டுக்கு இரண்டு மாத முகாமை மட்டும் கூட்டினால் இந்த எண்ணிக்கை எட்டாது. பட்டாலியன் நீண்டகாலப் பணிக்குத் திரட்டப்பட்டால்தான் எட்டும். பணியிலோ பயிற்சியிலோ ஏற்படும் ஊனத்துக்கு உதவி பெறும் உரிமை புதியவருக்கும் உண்டு; ஆகவே சிறு காயமானாலும் மருத்துவப் பதிவில் ஏற்றிவைப்பது அவசியம்.

கம்பம் பள்ளத்தாக்கின் விவசாய நாட்காட்டியோடு முகாம் தேதி மோதும் இடங்களும் உண்டு. முல்லைப் பெரியாறு அணையிலிருந்து முதல் போகத்துக்கு ஜூன் மாதம் தண்ணீர் திறப்பது வழக்கம். அந்தத் தண்ணீரை நம்பி 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. நாற்றுவிடும் நேரமும் அறுவடை நேரமும் வீட்டில் ஆள் இருந்தே ஆக வேண்டிய காலம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சைக்குச் சற்று நெகிழ்வு உண்டு. கவாத்து செய்யும் நாளைத் தள்ளிவைத்தால் அறுவடையும் தள்ளிப்போகும். கவாத்திலிருந்து அறுப்புக்கு ஏறத்தாழ நான்கு மாதம் என்பதால், முகாம் தேதி முன்கூட்டித் தெரிந்தால் திராட்சைத் தோட்டக்காரர் அதற்கேற்பத் திட்டமிடலாம். போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறிப் போகும் தினக்கூலிக்காரருக்கு, சம்பளத்தோடு கூடிய பயிற்சி மாதங்கள் இழப்பாகாது. திரும்பிவந்ததும் பழைய கங்காணியிடம் இடம் இருக்குமா என்பதே அவர் கவலை.

ஆண்டுப் பயிற்சிக்கு இப்படித் திட்டமிடலாம். நாட்டுத் தேவைக்கான அழைப்புக்கு எந்த நாட்காட்டியும் இல்லை. 2025 மே மாதம் இந்தியா, பாகிஸ்தான் மோதல் நடந்தபோது, பிராந்திய ராணுவத்தினர் அனைவரையும் தேவைக்கேற்ப அழைக்கும் அதிகாரத்தை மத்திய அரசு ராணுவத் தளபதிக்கு வழங்கியது. இருக்கும் 32 காலாட்படைப் பட்டாலியன்களில் 14-ஐத் திரட்டவும் அந்த அறிவிக்கை வழிசெய்தது. ஆண்டுக்கு இரண்டு மாதம் என்று கணக்குப் போட்டுச் சேர்ந்தவர், இரண்டாண்டு தொடர்ந்து வெளியூரில் இருக்கும் நிலைக்கும் தயாராக இருக்க வேண்டும். வீட்டார் சம்மதம் இதில் சம்பிரதாயம் அல்ல.

மற்ற நாடுகளில்

இந்த இடைக்காலத்தை ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாகக் கையாளுகிறது. பிரிட்டனில் பழைய டெரிட்டோரியல் ஆர்மி இப்போது ஆர்மி ரிசர்வ் என்று பெயர் மாறிவிட்டது. அங்கே புதியவர் தன் ஊரிலுள்ள மையத்துக்கு வாரத்தில் ஒரு மாலை போவார். வார இறுதிகளிலும் குறுகிய முகாம்களிலும் முதல் கட்டப் படைப்பயிற்சி, அடுத்து இரண்டாம் கட்டத் தொழில் பயிற்சி என்று படிப்படியாக முடிப்பார். ஊருக்குப் பக்கத்திலேயே மையம் இருப்பதால் பயிற்சி முடியாதவரும் பிரிவோடு தொடர்பு அறாமல் இருக்கிறார். பட்டாலியன் கோவையிலும் வீடு தேனி மாவட்டக் கூடலூரிலுமாக இருக்கும் ஒருவருக்கு இந்த வசதி கிடையாது.

அமெரிக்காவில் நேஷனல் கார்டு மாதம் ஒரு வார இறுதியும் ஆண்டுக்கு இரண்டு வாரமும் பயிற்சி தருகிறது. பள்ளி மாணவர் ஒரு கோடை விடுமுறையில் அடிப்படைப் பயிற்சியும் அடுத்த கோடையில் தொழில் பயிற்சியும் முடிக்கும் ஏற்பாடும் உண்டு. அடிப்படைப் பயிற்சி முடிக்காத எவரையும் நாட்டுக்கு வெளியே பணியில் அமர்த்தக் கூடாது, போர்க்காலத்தில் அந்தப் பயிற்சி 12 வாரத்துக்குக் குறையக் கூடாது என்று அங்கே சட்டமே சொல்கிறது.

தமிழ் இளைஞர்களும் பணியாற்றும் சிங்கப்பூரின் முறை வேறு. 1967 முதல் அங்கே ஆண்களுக்குக் கட்டாயத் தேசிய சேவை. பூலாவ் தெக்கோங் தீவில் அடிப்படைப் பயிற்சி, பிறகு தொழில்பிரிவு, இரண்டாண்டு முழுநேரப் பணி என்று எல்லாம் முடிந்த பின்பே ஒருவர் ரிசர்வ் ஆகிறார். அதன்பின் பத்தாண்டுச் சுழற்சியில், ஆண்டுக்கு 40 நாள் வரை மறுபயிற்சிக்குப் போகிறார். அரைப்பயிற்சியோடு ஒரு ரிசர்வ் வீரர் இருக்கும் நிலை அங்கே கிடையாது. அதற்கு விலையாக ஒவ்வோர் இளைஞனும் இரண்டாண்டைக் கொடுக்கிறான். இந்தியா கட்டாயச் சேவையை ஏற்கவில்லை. ஆகவே விரும்பி வருபவரை முதலில் சேர்த்துக்கொண்டு, அவருடைய பிழைப்பு கெடாத வேகத்தில் பயிற்சி தரும் வழியைத் தேர்ந்திருக்கிறது.

இடைக்காலம் முடிவது எப்போது

ரங்ரூட் பயிற்சியில் தேறி, துப்பாக்கி சுடுதலில் தகுதி பெற்று, பட்டாலியனின் ஆண்டு முகாமில் தன் பிளட்டூனோடு ஒருமுறை முழுப் பயிற்சியும் செய்து முடிக்கும்போது புதியவர் பிரிவுக்குப் பயன்படும் சிப்பாயாகிறார். கேடர் ஒன்றில் தேறியதும் அவருக்கென்று ஒரு வேலை உறுதியாகிறது. ஆனால் பகுதிநேரப் படைவீரருக்குத் தேர்ச்சி ஒருமுறை வந்தால் நிலைத்துவிடுவதில்லை. பத்து மாதம் தொடாத ஆயுதம் கைக்கு மறுபடி புதிதாகிறது. ஆண்டுதோறும் இரண்டு மாதப் பயிற்சியை விதி கேட்பது இதனால்தான். முதல் ஆண்டில் புதிதாகக் கற்பதற்காகவும் அடுத்து வரும் ஆண்டுகளில் கற்றதை மறக்காமல் இருப்பதற்காகவும் அவர் அதே மைதானத்தில் நிற்க வேண்டியிருக்கிறது.